சைகோன் செடி

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப் போன சமயத்தில், அம்மாவின் தங்கை திண்டிவனத்தில் எங்களோடு இருந்தாள். சின்னம்மாவின் கணவர் சைகோனில் வேலை என்று கப்பலேறியவர். இடையில் ஒருமுறை வந்தபோது மண்தொட்டியில் ஒரு செடி கொண்டுவந்தார். இலையே இல்லை. தூண்போல நிமிர்ந்து, பட்டை பட்டையாக, விளிம்பெல்லாம் முள். சைகோனிலிருந்து கப்பலில் வந்தது என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்.

“சதுரக்கள்ளிடி இது. செஞ்சி மலப்பக்கம் ஆடுகூட சீண்டாது” என்றாள் அம்மா.

“அது வேற, இது வேறக்கா. கள்ளிய அறுத்தா பால் வரும். இதுல வெறும் தண்ணிதான் வரும்னு அவரு சொன்னாரு.”

ஆனால் அறுத்துப் பார்க்க மட்டும் சின்னம்மா யாரையும் விட்டதில்லை. மணல் கலந்து, வேர் அழுகாதபடி பார்த்துப் பார்த்துத் தண்ணீர் விட்டாள். செடி என் உயரத்துக்கு வந்தது. சைகோன் கடிதங்கள்தான் நின்றுபோயின. செஞ்சிக்குப் பக்கத்து அனந்தபுரம் சந்தையில் அவரைப் பார்த்ததாக உறவுக்காரர் ஒருவர் வந்து சொன்னபோது, “ஆள் மாறிப் பாத்திருப்பீங்க” என்று சிரித்துவிட்டாள்.

தம்பி தவழத் தொடங்கியதும் வினை வந்தது. ஒருநாள் அவன் தொட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். அம்மா அலறிவிட்டாள்.

“கள்ளிப்பால் கண்ணுல பட்டா புள்ள என்னாவறது? இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாவணும்.”

அப்பா கத்தியோடு வந்தார். “பால் வரலன்னா இங்கியே இருக்கட்டும்” என்றார்.

“குடுங்க மாமா, நானே அறுக்கறேன்.”

சின்னம்மா ஒரு விளிம்பைச் சீவினாள். வெள்ளைவெளேரென்று பால் பொங்கித் தொட்டியில் சொட்டியது. வழக்கில் ஜெயித்த அம்மாதான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சின்னம்மா கத்தியைக் கழுவி வைத்தாள்.

“அனந்தபுரத்துக்கு பஸ்ஸு எப்ப மாமா?”

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கூடக் கிளம்பினார். நான் வாசல்வரை ஓடினேன். “சின்னம்மா, இந்தவாட்டி பால் வராததா பாத்து வாங்கிக்கினு வா!” அவள் தலையாட்டினாள்.

பொழுது சாயத் திரும்பினார்கள். அவள் கையில் செடி இல்லை.

“அவருக்கு அங்க ரெண்டு புள்ளைங்க இருக்குது” என்று அப்பா அம்மாவிடம் தணிந்த குரலில் சொன்னார்.

வெறுங்கையோடு வந்தவளிடம் பேசக்கூடாது என்று நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அவள் நேரே கிணற்றடிக்குப் போய், கட்டிய புடவையோடு வாளி வாளியாக இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டாள். பஸ்ஸில் வந்த புழுதி போகக் குளிக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.