வால்டிக்கு ஆறு பேர்

ஹோல்மர் பள்ளத்தாக்கில் வால்டி தூக்காத சவப்பெட்டி கிடையாது. பதினைந்து வயதில் அவன் அப்பாவைத் தூக்கினான். ஆறாவது ஆளாக வரவேண்டியவர் பனிப்புயலில் மாட்டிக்கொண்டதால், பையனைப் பிடித்து முன்பக்கம் இடது மூலையில் நிறுத்திவிட்டார்கள். அன்று பிடித்த மூலையை அதற்குப் பிறகு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டதால் அவன் பக்கம் மட்டும் பெட்டி உயர்ந்து நிற்கும். "பிணம் பின்னாடி சரியுதுடா, முட்டியைக் கொஞ்சம் மடக்கு!" என்று என் மாமனார் ஒவ்வொரு சாவிலும் கத்துவார். கடைசியில் மாமனாரையும் அவன்தான் தூக்கினான். அன்றைக்கு யாரும் சொல்லாமலே முட்டியை மடக்கி நடந்தான்.

என்னைவிடப் பதினேழு வயது மூத்தவன். எங்கள் ஐஸ்லாந்தில் பாதிரியாரைக்கூடப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம், அதனால் எனக்கு அவன் அவன்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆடுகள் இருந்தன. அவன் வீட்டு முற்றத்திலேயே புல்கூரை போட்ட பழைய மாதாகோயில் இருந்தது, அதன் சாவி அவன் சமையலறை ஆணியில் தொங்கியது. முப்பது பேர் உட்காரலாம். கடைசியாக முப்பது பேர் எப்போது உட்கார்ந்தார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். நான் கல்யாணமாகி வந்தபோது பள்ளத்தாக்கில் பதினான்கு பண்ணைகளில் விளக்கு எரிந்தது. இப்போது மூன்று. ஒன்று வால்டியுடையது, ஒன்று எங்களுடையது, மேலே ஒன்று பெர்க்தோருடையது. அவனும் தனிக்கட்டை.

ஒரு நாள் வால்டி வீட்டுக்குக் காப்பி குடிக்கப் போயிருந்தேன்.

"முப்பத்தெட்டு, ஸ்டெய்ன்வோர். எண்ணிப் பாத்தேன்" என்றான்.

"என்ன, ஆட்டுக்குட்டியா?"

"நான் தூக்கினவங்க. என்னைத் தூக்க யாரு இருக்கீங்க சொல்லு. நீ, உன் புருஷன் டோர்வி, பெர்க்தோர். மூணே பேரு."

"சாகப்போற ஆளு பேச்சா இது? மூணாவது கோப்பை காப்பி ஊத்திட்டிருக்க."

"விளையாடாத. டவுன்லேருந்து கூலிக்கு ஆள் கூட்டிட்டு வரக்கூடாது. சக்கரம் வச்ச வண்டி கூடவே கூடாது. இந்தப் பள்ளத்தாக்குல புல்லு வாரின கையா இருக்கணும். ஆறு பேரு."

"வண்டியில வச்சுத் தள்ளினா என்ன பண்ணுவ?"

"எழுந்து வந்து உன்னை உதைப்பேன்."

சிரித்துக்கொண்டே சரி என்றேன். ஊர்க்காரர் கை தவிர வேறு கை படாது என்று வாக்கும் கொடுத்தேன். வாய் சும்மா இருக்கவில்லை.

அடுத்த வசந்தத்தில் ஒரு சுற்றுலா நிறுவனத்திலிருந்து ஆள் வந்தார். கோடையில் வாரம் மூன்று பேருந்து வரும், பழைய கால வாழ்க்கையை நாங்கள் நடித்துக் காட்டவேண்டும் என்றார். மரவாரியால் புல் வாரணும், கம்பளி நூற்கணும், மாதாகோயில் வாசலில் நின்று பாடணும். நான் குரங்காட்டம் ஆட மாட்டேன் என்று எழுந்துவிட்டேன். வால்டி என்னை வெளியே இழுத்துப் போனான்.

"இத்தனை பேரு வந்தா, ஒருத்தராவது தங்கிட மாட்டாங்களா?"

அவன் கணக்கு அதுதான். பழைய வாழ்க்கையும் வேண்டாம், புதிய வாழ்க்கையும் வேண்டாம், அவனுக்கு வேண்டியது இன்னும் மூன்று ஜோடிக் கை. நான் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

என்ன பாடுவது என்பதில் சிக்கல் வந்தது. புத்தகம் பார்க்காமல் நால்வருக்கும் முழுசாகத் தெரிந்த பாட்டு ஒன்றே ஒன்றுதான், புதைகுழி ஓரத்தில் பாடுவது. எங்கள் ஊரில் கல்யாணம் நடந்து எத்தனை காலமாயிற்று, வேறு பாட்டு எங்கே தெரியும்? அதையே பாடினோம். வந்தவர்களுக்கு அர்த்தமா தெரியப்போகிறது? கண்ணை மூடிக் கேட்டு, முடிந்ததும் கைதட்டுவார்கள். நாங்கள் நால்வரும் வரிசையாகத் தலை வணங்குவோம். கடவுளுக்கே தலை வணங்காத என் டோர்வி, மாட்டுத்தொழுவத்தில் நின்று அதைப் பழகினான் என்றால் நம்புவீர்களா?

சொன்னால் சிரிப்பீர்கள், வால்டியின் கணக்கு பலித்தது. பேருந்தோடு வழிகாட்டியாக வந்த எய்ரூன் என்ற பெண் அவன் வீட்டு மாடியில் தங்கினாள், கோடை முடிந்தும் போகவில்லை. காலியாகக் கிடந்த ஒரு பண்ணையை ஓர் இளந்தம்பதி வாடகைக்கு எடுத்து விருந்தினர் விடுதி ஆரம்பித்தார்கள். மூன்றும் மூன்றும் ஆறு.

இரண்டாம் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆறு பேரையும் கூப்பிட்டான். நீளமான மரப்பெட்டியில் கல்லும் வைக்கோலும் ரொப்பி, மாதாகோயில் வாசலிலிருந்து அவன் அப்பா கல்லறைக்குப் பக்கத்து இடம்வரை தூக்கச் சொன்னான். கூடவே நடந்து வந்து கத்தினான்.

"எய்ரூன், அது பால் கேன் இல்ல! டோர்வி, ஆட்டாத, உள்ள நான் இருக்கேன்!"

"உள்ள நீ இருந்தா இவ்வளவு சத்தம் வராது" என்றான் டோர்வி.

முன்பக்கம் இடது மூலையில் எய்ரூன். பெட்டியை இறக்கியதும் வால்டி மூக்கைச் சிந்தினான். பிறகு எல்லோருக்கும் அப்பமும் பாலாடையும் கொடுத்தான். "இனிமே எப்ப வேணா போகலாம்" என்றான். அன்றைக்கே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

தம்பதி இரண்டாவது குளிர்காலத்தோடு கிளம்பிவிட்டார்கள். எங்கள் பள்ளத்தாக்கில் நவம்பரில் மலைக்குப் பின்னால் போகும் சூரியன் பிப்ரவரியில்தான் எட்டிப்பார்க்கும். அந்தப் பெண் ஜன்னலண்டை உட்கார்ந்து அழுதுகொண்டே இருந்தாள், அவளைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. எய்ரூனுக்குத் தலைநகரில் நல்ல வேலை கிடைத்தது. வால்டியைக் கட்டிக்கொண்டு, கோடையில் வருகிறேன் என்றாள். கோடையில் வாழ்த்து அட்டை வந்தது. பெர்க்தோருக்கு இடுப்பெலும்பு தேய்ந்துபோய், வாளித் தண்ணீரைத் தூக்கவே முனகினான்.

பேருந்துகள் மட்டும் வந்துகொண்டே இருந்தன. வால்டி மணியடித்தான், பாடினான், தலை வணங்கினான்.

"விடு, ஸ்டெய்ன்வோர். ஆறு பேருன்னு சொன்னதெல்லாம் கிழட்டு ஆசை" என்றான் ஒரு நாள். அவன் திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

ஜூலையில் ஒரு புதன்கிழமை பேருந்து வந்து நின்றும் மணி அடிக்கவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். சமையலறை மேசையில் தலையைச் சாய்த்திருந்தான். காப்பி ஆறிப்போயிருந்தது.

பாதிரியாருக்கு ஒன்பது கோயில், அடக்கத்துக்கு அடுத்து வந்த சனிக்கிழமைதான் ஒழிந்தது. எங்கள் பாதிரியார் ஒரு பெண்மணி, அவரும் பாவம், எத்தனை ஊருக்குத்தான் ஓடுவார். சனிக்கிழமை பேருந்து வேண்டாம் என்று நிறுவனத்துக்குப் போன் செய்தேன். கோடைக்கு மட்டும் வேலைக்கு வந்த யாரோ, "குறிச்சு வச்சுக்கிறேன்" என்றார்கள். எய்ரூன் வெளிநாட்டில் ஒரு கூட்டத்தை அழைத்துக்கொண்டு திரிந்தாள். போனில் விக்கி விக்கி அழுதாள். அழுதென்ன?

பெட்டியைப் பிடிக்க நான், டோர்வி, நொண்டிக்கொண்டே பெர்க்தோர். பாதிரியாரை ஊர்க்காரர் கணக்கில் சேர்த்துக்கொண்டோம். அது பொய்தான், வால்டி மன்னிக்கட்டும். நான்கு பேர். முன்பக்கம் இடது மூலையை வெறுமனே விட்டோம்.

பெட்டி வாசலைத் தாண்டியபோது பேருந்து வந்து நின்றது. நாற்பது பேர் இறங்கினார்கள். என் உடம்பில் கறுப்புப் பாவாடையும் குஞ்சம் வைத்த தொப்பியும். நல்ல உடை என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான், வாரம் மூன்று முறை அவர்களுக்காகப் போட்டுக்கொள்வதும் அதுதான். வழிகாட்டிப் பையன் அந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்தவன், அவனுக்கு என்ன தெரியும்? கேமராக்கள் மேலே ஏறின.

முப்பது அடி நடப்பதற்குள் பெட்டியை இரண்டு முறை தரையில் வைத்தோம். இரண்டாம் முறை பெர்க்தோர் வலி தாங்காமல் மண்டியிட்டுவிட்டான். சிவப்பு மழைக்கோட்டு போட்ட ஒரு தாட்டியான ஆள் சிரித்தபடி வந்து காலி மூலையில் கை வைத்தார். மரவாரியைப் பிடித்துப் பார்க்க வழக்கமாக விருந்தாளிகளைக் கூப்பிடுவோமே, அப்படி நினைத்துவிட்டார் போலும். நல்ல வலுவான கை.

"வேணாம்" என்றேன்.

நாற்பது பேர் நின்றிருந்தார்கள். கேட்டிருந்தால் அத்தனை பேரும் வந்திருப்பார்கள். நான் கொடுத்த வாக்கு என் வாயைக் கட்டிவிட்டது. மீதி தூரமும் நாங்களே இழுக்காத குறையாகக் கொண்டுபோனோம். பெட்டி சரிந்து சரிந்துதான் போனது.

குழிக்குள் இறக்கினோம். பாதிரியார் மூன்று பிடி மண் போட்டார். நாங்கள் அந்தப் பாட்டைப் பாடினோம். வால்டியின் கட்டைக்குரல் இல்லாமல் அது பாட்டாகவே இல்லை. எப்படியோ முடித்தோம்.

நாற்பது பேரும் கைதட்டினார்கள்.

டோர்வி தலை வணங்கினான். பெர்க்தோரும் வணங்கினான். நானும் குனிந்துவிட்டேன். பாதிரியார் மட்டும் நிமிர்ந்து நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எங்கள் நிகழ்ச்சியில் இல்லாதவர்.