நிறைகுடம்

இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வருஷங்களில் கள்ளக்குறிச்சி ஆற்றங்கரைக் குடிசையில் இருந்தோம். வெள்ளம் வரும் கரை என்று எங்கள் எல்லோரையும் காலி செய்யச் சொல்லி, கச்சிராயபாளையம் போகிற வழியில் ஒரு கரம்பு நிலத்தில் தொகுப்பு வீடுகள் கட்டியிருந்தார்கள். சிமெண்டுச் சுவர், ஓட்டுக் கூரை. தண்ணீர் மட்டும் இல்லை. தினமும் லாரியில் வரும் என்றார்கள்.

எனக்கு அந்த லாரிதான் உறுத்தியது. என் மகளுக்கு அப்போதுதான் வயிற்றுப்போக்கு நின்றிருந்தது. காய்ச்சிய தண்ணீர் தவிர வேறெதுவும் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் என் வீட்டுக்காரர், "நீ படிச்சவதான், அதுக்காக அங்க வாயைத் தொறக்காத. லிஸ்ட்டுல பேரை அடிச்சிட்டா குடிசையும் இல்ல, வூடும் இல்ல" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். அவர் சொல்வதும் சரிதானே என்று, மகளைக் கூட்டிக்கொண்டு புது வீட்டுக்குப் போகும் வழி நெடுக நினைத்துக்கொண்டே நடந்தேன்.

சாவி கொடுக்கும் நாள் அது. புது வீட்டுக்குள் நிறைகுடத்தோடுதான் நுழைய வேண்டும். குடத்தில் ஆற்றுத் தண்ணீரோடு அவ்வளவு தூரம் நடக்க முடியாது. லாரித் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளலாம் என்று பெண்களெல்லாம் காலிக் குடத்தோடு வந்து வெயிலில் நின்றோம். லாரி வரவில்லை. வெகுநேரம் கழித்துத் தாசில்தார் வரப்பு வழியே, சட்டை நனைந்து ஒட்ட, தனியாக நடந்து வந்தார்.

"மறியல் பண்றவங்க ரோட்டுல மரத்தை வெட்டிப் போட்டிருக்காங்கம்மா. லாரி, ஜீப்பு எல்லாம் அங்கியே நிக்குது. நீங்க சும்மா உள்ள காலை வெச்சிடுங்க, சாவி வாங்கினதா ஆயிடும்."

என் பக்கத்துக் குடிசை அக்கா ரைஸ்மில்லில் நெல் காய வைப்பவள். குடத்தை இடுப்பு மாற்றினாள். "காலிக் கொடத்தோட நொழைய இது இன்னா எழவு வூடாங்க?"

சிரிப்பு எழுந்தது. அவரும் சிரிக்கப் பார்த்தார். தொண்டை வறண்டு இருமல் வந்தது. "யாராச்சும் குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா" என்றார்.

அந்தக் கரம்பு முழுக்க இருந்த தண்ணீர், என் பையில் குழந்தைக்கென்று வைத்திருந்த ஒரு பாட்டில்தான். கொடுத்தால் மகளுக்கு? கொடுக்காவிட்டால் தாகத்துக்குக் கேட்டவருக்கு இல்லையென்ற பாவம். மூடியைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து நீட்டினேன்.

"கொழந்தைக்குக் காய்ச்சினதுங்க. பாதி வைங்க."

அவர் இரண்டு மடக்கோடு நிறுத்திவிட்டார். அந்தக் கூச்சத்தைப் பார்த்ததும் என் வாய் தானாகத் திறந்தது. "இன்னைக்கு உங்களுக்கே இல்லாத தண்ணி, நாளைக்கு எங்களுக்கு எங்கிருந்துங்க வரும்? முதல்ல இங்க பம்பு போடுங்க. அதுவரைக்கும் ஆத்தங்கரை வூட்டைப் பிரிக்காதீங்க. பம்புத் தண்ணியிலதான் கொடம் ரொப்பிக்கினு உள்ள போவோம்."

சொன்ன பிறகுதான் வீட்டுக்காரர் சொல்லியனுப்பியது நினைவுக்கு வந்தது. எல்லோருடைய வீட்டையும் கெடுத்துவிட்டேனோ?

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

"சொன்னா கேட்டுக்கினா இருந்திருப்பீங்க? நாக்கு ஒட்டினாத்தான் காது தொறக்குது" என்றாள் அக்கா.

அவர் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார். பம்பு வரும்வரை யார் குடிசையையும் தொட மாட்டார்கள் என்று எல்லோர் காதிலும் விழ உரக்கச் சொன்னார். அன்று யாரும் சாவி வாங்கவில்லை.

வீட்டுக்காரர் பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும் தூங்கவில்லை. பிறகு ஒருநாள் போர் போடும் வண்டி வந்தது. முதலில் செம்மண் குழம்பு, பிறகு கலங்கல், பிறகு கண்ணாடி போல ஒரு தாரை. அதைப் பார்த்துவிட்டு வந்த என் வீட்டுக்காரர், "என் பொண்டாட்டி கேட்டு வந்த பம்பு" என்று மார்க்கெட் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

குடிபோகும் நாளில் என்னைத்தான் முதலில் பம்பை அடிக்கச் சொன்னார்கள். குடம் தளும்பத் தளும்ப வாசற்படி ஏறினேன். புடவை முன்பக்கம் முழுக்க நனைந்தது. பால் பொங்கியதும் பக்கத்து அடுப்பில் மகளுக்குத் தண்ணீர் வைத்தேன்.

அக்கா எட்டிப் பார்த்தாள். "சண்டை போட்டு வாங்கின தண்ணி, அதையும் நம்பலியா நீ?"

"காய்ச்சிடறேன்க்கா" என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் மகளும் சிரித்தாள்.

அடுத்த வருஷம் மிச்சமிருந்த கரைக்காரர்களுக்குப் பக்கத்திலேயே வீடு கட்டினார்கள். சுவர் எழும்புவதற்கு முன்பே அங்கே பம்பு நின்றது.