பத்து, பத்து, ஒன்பது, ஒன்பது, எட்டு, ஏழு, ஆறு

முப்பது வருஷ டைரிகளில் நான் தெரிந்தே எழுதிய பொய் ஒன்றே ஒன்றுதான். அது ஏழு சீட்டைப் பற்றியது.

தொண்ணூறுகளின் நடுவில், தசரா விடுமுறையின் இரண்டாம் நாள், பிற்பகல் மூன்றேகாலுக்கு, என் மனைவியின் தம்பி மைசூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். அவனுக்குக் கப்பலில் இன்ஜின் பக்கம் வேலை என்று எங்களோடு இருந்த என் மாமனார் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். உண்மையில் அவன் உல்லாசக் கப்பலின் சூதாட்டக் கூடத்தில் சீட்டுப் போடுகிறவன். படுக்கை மட்டும் கடல் மட்டத்துக்குக் கீழே, நான்கு பேர் அறையில், இன்ஜினுக்குப் பக்கத்தில். மாமனார் சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை இருந்தது.

கப்பலில் புதிதாக ‘பாய் கௌ போக்கர்’ என்று ஒரு மேஜை போட்டிருந்தார்கள். லீவு முடிந்து திரும்பியதும் அதற்குத் தேர்வு. தேறினால் மேல்தளத்தில் ஜன்னல் வைத்த அறை. விடிந்ததா இல்லையா என்று கடிகாரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அலுத்துவிட்டது மாமா என்றான்.

ஆளுக்கு ஏழு சீட்டு. அதை ஐந்தாகவும் இரண்டாகவும் பிரித்து வைக்க வேண்டும். இரண்டு பங்கும் எதிராளியின் பங்குகளை மிஞ்சினால் வெற்றி, ஒன்று மட்டும் மிஞ்சினால் சமன். ஆட வருகிறவர் இஷ்டம்போல் பிரிக்கலாம். சீட்டுப் போடுகிறவனுக்கு அந்த உரிமை கிடையாது. எந்தக் கை வந்தால் எப்படிப் பிரிப்பது என்று கம்பெனி ஒரு தாளில் அடித்துக் கொடுத்திருந்தது. சொந்த புத்தியைக் காட்டினால் தேர்வு போச்சு. அரசாங்க உத்தியோகம் மாதிரிதான் என்றேன். மாமனார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.

தினமும் காலைக் காப்பிக்குப் பிறகு, சாப்பாட்டு மேஜையில் இஸ்திரிக் கம்பளியை விரித்துப் பயிற்சி. மனைவி எதிராளி. நான் எழுத்தர்: தேதி, நேரம், ஏழு சீட்டு, பிரித்த விதம் என்று நாலு பத்தி போட்ட நோட்டு. மனைவி ரம்மிக்காரி. மாதர் சங்கத்தில் அவளுக்கு எதிரில் உட்காரவே யோசிப்பார்கள். வரிசைச் சீட்டு அவளுக்குச் சாமி.

நான்காம் நாள் தம்பிக்கு வந்தது, தலைப்பில் உள்ள கை. தாளின்படி ஜோடிகளைப் பிரிக்க வேண்டும். பத்துகள் ஐந்து சீட்டுப் பங்குக்கு, ஒன்பதுகள் இரண்டு சீட்டுப் பங்குக்கு. அவனும் அப்படித்தான் வைத்தான். மனைவி கையை நீட்டி, ஆறிலிருந்து பத்து வரை வரிசையாகச் சேர்த்துவிட்டாள்.

“வந்த சீக்வென்ஸை யாராவது சும்னே ஒடைப்பாங்களாடா?”

“ரூல் அப்படிக்கா.”

“உங்க கப்பல்காரன் ரம்மியே ஆடினதில்ல போலிருக்கு.”

தன் சீட்டைத் திருப்பிக் காட்டினாள். மூன்று ஜாக், மீதியெல்லாம் பொடிச் சீட்டு. தாளின்படி வைத்தால் தம்பிக்கு ஒன்பது ஜோடி மட்டும் மிஞ்சும், ஆட்டம் சமன். அவள் சேர்த்தபடி வைத்தால் வரிசை மூன்று ஜாக்கை மிஞ்சும், மீந்த பத்தும் ஒன்பதும் அவளுடைய பொடிச் சீட்டை மிஞ்சும்; தம்பி ஜெயிப்பான். தன்னையே தோற்கடித்துத் தன் கட்சியை நிரூபித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“எழுதிக்கோங்க.”

அன்று மதியம் பிஸிபேளே பாத் என்று ஏற்பாடு. இன்னும் அடுப்பு பற்ற வைக்கவில்லை. ‘பிரித்த விதம்’ பத்தியில் அவள் சொன்னபடியே எழுதினேன்; இரவு டைரியிலும் அதையே ஏற்றினேன்.

கம்பெனித் தாள் காப்பிக்கறை பட்டு எங்கோ போய்விட்டது. உங்கள் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கிறது மாமா என்று தம்பி நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினான். பெங்களூர் பஸ் ஏறும்போது அந்த ஒரு வரியைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தேன். மனைவி பக்கத்திலேயே நின்றாள். உடம்பைப் பார்த்துக்கொள் என்றேன்.

ஐந்து வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை கடிதம் வந்தது. தேர்வில் முப்பது கை. இருபத்தொன்பது சரி. முப்பதாவதில் இரண்டு ஜோடியும் வரிசையும் சேர்ந்து வந்திருக்கிறது. நோட்டில் இருந்தபடி வரிசையைக் காப்பாற்றியிருக்கிறான். அடுத்த தேர்வு ஆறு மாதம் கழித்து. அதுவரை இன்ஜின் பக்கம்.

மனைவி இரண்டு தரம் படித்தாள்.

“அந்தக் கை ஜெயிச்சுதா இல்லையான்னு எழுதியிருக்கானா பாருங்க.”

மறுநாள் பீரோவைக் குடைந்து கம்பெனித் தாளைக் கண்டுபிடித்தேன். துணிகளுக்கு அடியில் விரிப்பாகக் கிடந்தது. ‘நோட்டில் உள்ளது உன் அக்கா சட்டம். கப்பல் சட்டம் இத்துடன்’ என்று எழுதி, தேதி போட்டு, காலை பத்தேகாலுக்குத் தபாலில் சேர்த்தேன். எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டாள். ஸ்டாம்பு வாங்க என்றேன்.

வாயால் சொன்ன பொய் டைரியில் சேராது.