டிக் விழாத பத்தி

என் மனைவி நாற்பத்தாறு வயதில் அஞ்சல் வழியில் எம்.ஏ. தமிழ் படிக்கத் தொடங்கினாள். வல்லத்தில் ஒரு பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறாள். வேலைக்கு அந்தப் பட்டம் தேவையில்லை. மகள் கல்யாணமாகிப் போன பிறகு வீட்டில் நேரம் இருந்தது, படித்தாள்.

நான் செஞ்சியில் பத்திரம் எழுதுபவன். பதிவு அலுவலகத்துக்கு எதிரே எனக்கு ஒரு மேசை உண்டு. இருபத்தெட்டு ஆண்டுகளாக நாட்குறிப்பும் எழுதி வருகிறேன். யார் எத்தனை மணிக்கு வந்தார், மழை பெய்ததா, வீட்டில் என்ன சமையல் என்பதெல்லாம் அதில் இருக்கும். கீழே வரும் நேரங்களை அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

அவளுடைய முதல் கட்டுரை, கையெழுத்து புரியவில்லை என்ற குறிப்போடு திரும்பி வந்தது. பிள்ளைகள் வருகைப் பதிவேட்டை அவசரத்தில் எழுதி எழுதி அவள் எழுத்து சாய்ந்துவிட்டது. கட்டுரைகளைக் கையால்தான் எழுதித் தர வேண்டும் என்பது படிப்பு மையத்தின் விதி. அன்று முதல் அவள் எழுதித் தருவதை நான் நல்ல தாளில் படியெடுத்தேன். சனிக்கிழமை மதியம் மேசையில் கூட்டம் குறைந்ததும் அதுதான் என் வேலை. அவள் எழுதியதை முதலில் படிப்பவன் நான்தான் என்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. அதை அவளிடம் சொன்னதில்லை.

இரண்டாம் ஆண்டில் ஒப்பிலக்கியம் என்று ஒரு பாடம் வந்தது. அதில் ஐரோப்பியர்களின் இடைக்காலக் கதைகள். கவசம் போட்ட குதிரைவீரன், கோட்டை மேல்மாடத்தில் நிற்கும் சீமாட்டி, அவள் சொன்ன ஒரு சொல்லுக்காகக் காடு மலையெல்லாம் அலைவது. சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே எனக்குக் கதை சொல்வாள்.

"அந்தம்மா குடுத்த ஒரு கைக்குட்டைங்க. அத ஈட்டியில கட்டிக்கினு ஒரு வருஷம் சுத்தறான்."

"வேல வெட்டி இல்லாதவன்."

"அவனுக்கு அதான் வேலயே."

"அந்தம்மாவுக்குப் புருஷன் கிடையாதா?"

"இருக்கறாரு. அவரு பாட்டுக்கு இருக்கறாரு." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. கரண்ட் பில் கட்ட வரிசையில் நிற்பவனைப் பற்றி யாரும் கதை எழுதவில்லை என்று நினைத்துக்கொண்டேன். காகிதத்தில் இருக்கும் ஒருவன் மேல், அதுவும் எழுநூறு எண்ணூறு வருடங்களுக்கு முந்தையவன் மேல், எனக்குப் பொறாமை வந்தது. நாட்குறிப்பில் அன்று, "வெங்காயச் சாம்பார். குதிரைவீரன் பேச்சு, 40 நிமிடம்" என்று இருக்கிறது.

அந்தப் பாடத்துக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆசிரியர் வகுப்பையே செஞ்சிக் கோட்டைக்கு அழைத்து வந்தார். கதையில் வரும் கோட்டையைப் புரிந்துகொள்ள நிஜக் கோட்டை ஒன்றின் மேல் ஏற வேண்டும் என்றாராம். அவளுக்கு உள்ளூர்தான், ஆனாலும் உச்சி வரை ஏறியதில்லை.

"நீங்களும் வாங்களேன்" என்றாள்.

"ஞாயித்துக்கெழம ஃபைல் அடுக்கணும்" என்றேன்.

அவள் திரும்பியது 3.40-க்கு. காலில் புதுச் செருப்பு, கரும்பழுப்பு.

"வாரு அறுந்துபோச்சு. வர வழியில கடையில வாங்கினேன்."

"பழச இன்னா பண்ண?"

"மலையிலயே போட்டுட்டேன்."

"வாருதான அறுந்துச்சு. தச்சிருக்கலாமே."

அவள் கால் கழுவப் போனாள். நாட்குறிப்பில் செருப்பின் நிறத்தையும் எழுதினேன். அந்த மத்தியானத்தில் செருப்பில்லாமல் எப்படி இறங்கி வந்தாள் என்று கேட்கத் தோன்றவில்லை.

மூன்று வாரம் கழித்துக் கட்டுரை தயாரானது. குதிரைவீரனின் அறம் என்பது தலைப்பு. இருப்பதில் சிறந்த கட்டுரையை அடுத்த வகுப்பில் எல்லோர் முன்னாலும் படிக்கச் சொல்லப்போகிறார் ஆசிரியர் என்றும், தன்னுடையது வரும் என்று நினைப்பதாகவும் அவள் சொன்னாள். இப்படி எதற்கும் அவள் ஆசைப்பட்டு நான் கேட்டதில்லை.

சனிக்கிழமை 2.15-க்குப் படியெடுக்க உட்கார்ந்தேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வரைவிலிருந்து ஒரு பத்தியை எழுதி முடித்ததும் வரைவின் ஓரத்தில் சிவப்பு மையால் டிக் போட வேண்டும். டிக் இருந்தால் அந்தப் பத்தி ஏறிவிட்டது என்று பொருள். நிலத்தின் எல்லையில் ஒரு வரி விட்டுப்போனால் இரண்டு குடும்பங்கள் கோர்ட்டுக்குப் போகும் என்பதால் வந்த வழக்கம். மனைவியின் கட்டுரைக்கும் அப்படித்தான் செய்தேன்.

பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னாபா, ஊட்டுக்காரம்மா கட்டுரையா? இந்த வாரம் யாரு?"

"குதிரைவீரன்."

"பாத்துக்கோ. தூக்கிக்கினு போயிடப் போறான்."

சிரித்தேன். டிக் போட்டுக்கொண்டே கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். முடிவுரைக்கு முந்தைய பத்தி இது:

"கோட்டையைப் பார்க்கப் போன அன்று, மலையிலிருந்து இறங்கும்போது என் செருப்பு வார் அறுந்தது. உச்சி வெயில். கல் கொதித்தது. உடன் படிக்கும் ஒருவர் தம் செருப்பைக் கழற்றி என் முன்னால் வைத்துவிட்டு, நான் மறுப்பதற்குள் வெறுங்காலோடு இறங்கிப் போனார். அடிவாரம் வரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நான் கூச்சப்படுவேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கதையில் வரும் வீரன் எதையும் கேட்காமல் ஏன் செய்கிறான் என்பது படிக்கும்போது எனக்கு விளங்கவில்லை. அந்தப் படிகளில் விளங்கியது."

இரண்டு முறை படித்தேன். அவர் எந்த ஊர், என்ன வயது, எதுவும் அதில் இல்லை. கல்யாணமான இருபத்துநான்கு ஆண்டுகளில் என்னைப் பற்றி அவள் ஒரு வரி எழுதியதில்லை. எழுதும்படி நான் என்ன செய்தேன் என்று யோசித்தேன். தச்சிருக்கலாமே என்று சொன்னதுதான் நினைவுக்கு வந்தது.

பிறகு அந்தப் பத்தியை விட்டுவிட்டு முடிவுரையை எழுதினேன். அதற்கும் முந்தைய பத்தியின் கடைசி வரியோடு முடிவுரை சரியாகப் பொருந்தியது. யாருக்கும் தெரியாது. என் தொழிலில் நான் வேண்டுமென்றே விட்ட ஒரே பத்தி அதுதான். 4.05-க்கு முடித்தேன். தாள்களைத் தைத்து உறையில் போட்டு, வரைவோடு அவளிடம் கொடுத்தேன். அவள் பிரித்துப் பார்க்காமலேயே மையத்துக்கு அனுப்பிவிட்டாள். என் எழுத்தை அவள் எப்போதுமே சரிபார்த்ததில்லை.

அடுத்த வகுப்பு திண்டிவனத்தில். மழை வரும் போலிருக்கிறது, துணைக்கு வருகிறேன் என்றேன். அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள். நான் போனது செருப்பைப் பார்க்க.

மையத்து வராந்தாவில் அவரை அடையாளம் காட்டியதும் அவள்தான். "கட்டுரையில எழுதியிருந்தேனே, அவரு" என்று என் காதருகே சொல்லிவிட்டு, "இவருதான் எங்க வீட்டுக்காரர்" என்று என்னை ஒருவர் முன்னால் நிறுத்தினாள். தொண்டூரில் மணிலாக் கடலை பயிரிடுகிறவர். அறுபதை நெருங்கும் வயது, ஒல்லி, காது மடலில் முடி. காலில் தேய்ந்த தோல் செருப்பு. அவர் கால் என் காலைவிட ஓரங்குலம் நீளம். அவள் அதில் எப்படி நடந்தாள் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"சார், நீங்கதானா அந்தக் கையெழுத்து?" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "மேடம் காட்டுவாங்க. முத்து முத்தா இருக்குது சார். நான் எழுதினா எறும்பு ஓடன மாதிரி இருக்கும்."

"பழக்கந்தான்" என்றேன்.

"உக்காருங்க சார்." அவர் உட்கார்ந்திருந்த ஒரே நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுவிட்டு வகுப்புக்குள் போய்விட்டார். அதில் உட்கார எனக்கு மனம் வரவில்லை. ஜன்னலோரம் நின்றேன்.

ஆசிரியர் கட்டுரைகளைத் திருப்பிக் கொடுத்தார். படிக்கச் சொன்னது தொண்டூர்க்காரரை. செருப்பு இப்போது வரும், இப்போது வரும் என்று நான் காத்திருந்தேன். வந்தால் கோபப்படலாம் என்று தயாராக இருந்தேன். அவர் எழுதியிருந்தது குதிரையைப் பற்றி. வீரன் காதலுக்காக ஏழு நாள் பட்டினியாக அலைகிறான், சரி, குதிரைக்கு யார் புல் போட்டது, கதையில் ஏன் அது இல்லை என்று கேட்டிருந்தார். வகுப்பே சிரித்தது, என் மனைவியும்தான். நான் எதிர்பார்த்த செருப்பு கடைசி வரை வரவில்லை. தான் செய்ததை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு என் பொறாமை இரண்டு மடங்கானது. பீற்றிக்கொண்டிருந்தால் வெறுப்பதற்கு வசதியாக இருந்திருக்கும்.

திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து தன் கட்டுரையைப் பார்த்தாள். கீழே ஆசிரியரின் குறிப்பு: "தெளிவு. ஆனால் நூல்களில் உள்ளதே உள்ளது. நீங்கள் கண்டது எங்கே?"

"நான் கண்டதத்தான எழுதினேன்" என்றாள் தனக்குள். கடைசித் தாளைத் திருப்பினாள், மறுபடி திருப்பினாள். பையிலிருந்து வரைவை எடுத்தாள். நான் கண்டக்டரிடம் சில்லறை வாங்குவதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். வரைவைக் கிழித்துப் போட்டிருக்கலாம். பொய்யாக ஒரு டிக்காவது போட்டிருக்கலாம். அன்று மேசையில் அது எனக்குத் தோன்றவே இல்லை. எழுதாத பத்திக்கு டிக் போட என் கை பழகவில்லை.

அவள் விரல் ஓரத்தில் இறங்கியது. டிக், டிக், டிக். பிறகு வெறும் ஓரம். அதன் கீழே மீண்டும் டிக்.

"மறந்துட்டீங்களா?"

கையிலிருந்த சில்லறையை எண்ணினேன்.

"மறக்கல. மறந்திருந்தா, எழுதிட்டோம்னு நெனச்சு டிக் போட்டுருப்பீங்க."

"அந்தாளு..." என்று ஆரம்பித்தேன்.

"அந்தாளுக்கு பேத்தி பொறந்து பேரு வெச்சாச்சு. அவருகிட்ட இன்னாத்தக் கண்டீங்க?" குரலை உயர்த்தவில்லை. முன் இருக்கைக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். "கால் சுட்டுச்சான்னு ஒரு வார்த்த கேட்டுருந்தா, உங்ககிட்டயே சொல்லியிருப்பேன். கட்டுரையில எழுதியிருக்க மாட்டேன்."

அவலூர்பேட்டைப் பஸ் ஒன்று எங்களை முந்திப்போனது. அவள் வரைவை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

பத்திரத்தில் பிழை இருந்தால் பிழைத்திருத்தல் பத்திரம் எழுதலாம். அதுவும் பதிவாகும். மறுநாள் காலை ஒரு நல்ல தாளை எடுத்து, விட்ட பத்தியை மட்டும் என் சிறந்த எழுத்தில் எழுதினேன். கீழே, "மேற்படி பத்தி எழுதுபவரால் வேண்டுமென்றே விடப்பட்டது. அடித்தல் திருத்தல் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வரைவை வாங்கி அவள் முன்னாலேயே ஓரத்தில் டிக் போட்டேன்.

அவள் தாளை இரண்டு முறை படித்தாள். "எழுத்து நல்லாத்தான் இருக்குது" என்றாள். மடித்துப் பாடப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

அடுத்த கட்டுரைக்கான வரைவு சனிக்கிழமை என் மேசைக்கு வரவில்லை. வீட்டில் சாப்பாட்டு மேசையில் அவளே நல்ல தாளில் எழுதிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு எழுத்தாக, நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு. கோடு போட்ட தாளிலும் வரி சாய்ந்தது.

"எழுதித் தரட்டுமா?"

"வேணாம். நேரமாவும், பரவால்ல."

எதிரே உட்கார்ந்தேன். என்ன தலைப்பு என்று கேட்கவில்லை. யாரைப் பற்றி என்றும் கேட்கவில்லை, அது மட்டும்தான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "கை வலிக்குதா?" என்றேன்.

அவள் பேனாவை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "வலிக்குது" என்றாள். பிறகு குனிந்து எழுதினாள்.

நாட்குறிப்பில் அன்றைக்கு இப்படி இருக்கிறது: "2.15 முதல் 5.30 வரை. பதினொரு பக்கம். நான் எழுதவில்லை, படிக்கவும் இல்லை."