நிற்பதும் நிறுத்துவதும்

"நிக்குது… நிக்குது… இன்னும் நிக்குதுதான்… ம், நிறுத்தியாச்சு."

நகராட்சிக் கட்டடத்தின் மாடி ஜன்னலில் நெற்றியை ஒட்டவைத்துக்கொண்டு அவர் முணுமுணுக்கிறார். கீழே ஒரு கார் ஓரங்கட்டுகிறது. எஞ்சின் அடங்குகிறது. ஓட்டி வந்தவர் கண்ணாடியைப் பார்த்துத் தலை வாரிக்கொள்கிறார், யோசிக்கிறார், கடைசியில் இறங்கிக் கதவைச் சாத்துகிறார். அவர் இறங்குகிற வரை அந்தக் கார் நின்றது. ஓட்டுநர் இருக்கை காலியான கணத்தில் அது நிறுத்தப்பட்டது. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள மயிரிழையில்தான் நம்மவருடைய உத்தியோகம் தொங்குகிறது.

ஊரின் போக்குவரத்து விதிகளில் யாரும் படிக்காத முதல் சில பக்கங்களை எழுதுகிறவர் இவர். அபராதம் போடுவதும் வண்டியைத் தூக்குவதும் வேறு ஆட்கள் பாடு. வாகனம் என்றால் எது, தெரு என்பது எதுவரை, ஓரம் எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்வது மட்டும் இவர் பொறுப்பு. படைப்புக்கு முந்தைய வேலை; ஆனால் சம்பளம் எழுத்தருக்கு உள்ளதுதான். "டீ குடிக்க வாங்க சார்" என்று கூப்பிட்டால்கூட, "அதாவது, இப்பவேவா?" என்பார். அதனால் அலுவலகத்தில் அவருக்குப் பெயரே 'அதாவது'.

ஒருமுறைதான் சறுக்கினார். 'சக்கரம் உடையதும், ஆளையோ பொருளையோ ஏற்றிச் செல்லக்கூடியதுமான எதுவும் வாகனமாகும்' என்று கம்பீரமாக எழுதிவிட்டார். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த ஆய்வாளர் அதை வரிக்கு வரி நம்பினார். ரொட்டிக்கடை வாசலில் நின்ற குழந்தைத் தள்ளுவண்டியில் அபராதச் சீட்டை ஒட்டிவிட்டார். வண்டியின் உரிமையாளர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். தாய் அலுவலகத்துக்கே வந்து, "லைசென்ஸ் எடுக்கணும்னா முதல்ல அவனுக்குப் பல்லு முளைக்கணும், பரவாயில்லையா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து இவர் கனவில் 'நீங்கலாக' என்ற சொல் வரிசைகட்டி வருகிறது. தள்ளுவண்டி நீங்கலாக, சக்கர நாற்காலி நீங்கலாக, பொம்மைக் குதிரை நீங்கலாக. எல்லாம் நீங்கிய பிறகு, ஒன்றுமே இல்லாத அகலமான தெருவில் இவர் மட்டும் மிதந்து போவாராம். சுகமான கனவு என்கிறார்.

விளக்கேற்றி ஓட்ட வேண்டிய 'மங்கலான வெளிச்சம்' எது என்று எழுதச் சொன்னபோது, மாலைதோறும் மொட்டைமாடியில் போய் நின்றார். கடைசியில் எழுதினார்: 'எதிரே வருபவர் யாரென்று தெரிந்தும், அவர் சிரிக்கிறாரா முறைக்கிறாரா என்று தெரியாத நேரம்.' மேலதிகாரி அதை அடித்துவிட்டு 'மாலை ஆறு மணி முதல்' என்று போட்டார். இவர் அதையே சுத்தமாகப் படியெடுத்துக் கொடுத்தார். ஆனால் அந்த நேரம் வந்தால் இன்றைக்கும் ஜன்னல் பக்கம் போய்விடுவார்.

வீட்டிலும் இதே கதை. "சீக்கிரம் வந்துடுறேன்னீங்களே?" என்று மனைவி கேட்டால், "சீக்கிரம்னா, அதாவது…" என்று தொடங்குவார். "கல்யாணத்தன்னைக்கே 'மனைவி என்பவள்'னு ஆரம்பிச்சிருந்தீங்கன்னா எங்கப்பா கூட்டிட்டுப் போயிருப்பாரு" என்பது அந்த அம்மாளின் நிரந்தரக் குறை.

போன மாதம் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. தெருக்களைச் சுத்தம் செய்யப் போகிறார்கள், 'கைவிடப்பட்ட வாகனம்' என்பதற்கு உடனே பொருள் வேண்டும். இவர் ஒரே மூச்சில் எழுதினார்: 'ஒரு மாதத்துக்கு மேல் இடம்பெயராமல், சக்கரங்களில் காற்றின்றி, இலையும் தூசியும் படிந்து, தெருவில் நிறுத்தப்பட்டிருக்கும் வாகனம்.' மேலதிகாரி முதுகில் தட்டிக்கொடுத்தார். விதி அமலுக்கு வந்தது.

அன்று மாலை அக்கா வீட்டுத் தெருவில் திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார். வேப்பம்பழ நிறத்தில் அக்காவின் பழைய கார், காற்றில்லாத நாலு சக்கரத்திலும் உட்கார்ந்து, கூரை நிறைய சருகோடு இருந்தது. அளவெடுத்துத் தைத்த சட்டை போல அந்த வரையறை அதற்குப் பொருந்தியது. பொருந்தாமல் எப்படி இருக்கும்? எழுதும்போது அவர் மனக்கண்ணில் நின்ற வண்டியே அதுதானே!

அத்தான் வாங்கிய கார் அது. அவர் போனார், பின்னாலேயே எஞ்சினும் போயிற்று. வீட்டில் இருப்பது இரண்டு அறை. அதில் மகன், மருமகள், இரட்டைப் பிள்ளைகள், ஓயாத டிவி. அக்கா கதவைச் சாத்திக்கொண்டு உட்கார உலகத்தில் மிச்சமிருக்கும் ஒரே இடம் அந்தக் கார். சாயங்காலமானால் ஓட்டுநர் இருக்கையில் ஏறி, ஸ்டியரிங் சக்கரத்தில் இரு கையையும் வைத்து, கண்ணாடி வழியே எங்கோ பார்த்தபடி இருப்பாள்.

விஷயத்தை இவர் தயங்கித் தயங்கிச் சொன்னதும் அக்கா கேட்டாள்: "ஏன்டா தம்பி, ஊர்ல உனக்கு வேற வண்டியே கிடைக்கலையா?"

"அது நகரலையேக்கா. அதாவது, ஒரு மாசத்துக்கு மேல…"

"நகரலைன்னு யாரு சொன்னா? நான் தினமும் போயிட்டுதான் வர்றேன்."

"எங்க போறே?"

"அதை உன்கிட்ட சொல்லணும்னு விதி இருக்கா?"

இல்லை. அவருக்குத் தெரியும், இல்லை.

ஒரு மாலை வண்டி தூக்கும் லாரி வந்தே விட்டது. கூடவே அதே ஆய்வாளர். அக்கா காருக்குள் இருந்தாள். பக்கத்தில் தெருவில் இவர், வேர்க்க விறுவிறுக்க.

"அம்மா, கொஞ்சம் இறங்குங்க. சாரோட விதிப்படி இது கைவிடப்பட்டது."

"விட்டவ உள்ள உக்காந்திருப்பாளா தம்பி?" என்றாள் அக்கா.

ஆய்வாளர் இவரைப் பார்த்தார். இவர் தொண்டையைச் செருமினார். "அதாவது, 'நிறுத்தப்பட்டிருக்கும் வாகனம்'னு போட்டிருக்கேன். ஓட்டுநர் இருக்கையில ஆள் இருந்தா வண்டி நிறுத்தப்பட்டது ஆகாது. நிக்குது. அவ்வளவுதான்."

"எதுக்கு நிக்குது சார்?"

"கிளம்பறதுக்கு."

ஆய்வாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். ஏற்கெனவே ஒரு தள்ளுவண்டியால் பட்டவர். "எப்ப கிளம்பும்?"

"எப்பன்னு விதியில சொல்லலை," என்றார் இவர். எழுதியவர் ஆயிற்றே.

"அப்ப நாங்க இருந்து பாக்கறோம்" என்று சொல்லி ஆய்வாளர் லாரியில் ஏறிக்கொண்டார். லாரி காருக்குப் பின்னால், பம்பரை உரசுகிற மாதிரி நின்றது. அக்கா இறங்கினால் தீர்ந்தது. வீட்டுக்குள்ளேயிருந்து ஒரு பேரப்பிள்ளை அழுதது, அவள் திரும்பவில்லை. வெளிச்சம் மெல்லக் கரைந்தது. லாரியின் கண்ணாடிக்குப் பின்னால் ஆய்வாளர்தான் என்று தெரிந்தது. சிரிக்கிறாரா முறைக்கிறாரா என்று தெரியவில்லை.

"ஏன்டா தெருவுல நிக்கறே? ஏறு" என்றாள் அக்கா.

கதவு அழுதுகொண்டே திறந்தது. ஏறி உட்கார்ந்தார். பழைய தோல் வாசனை. கண்ணாடியில் சருகுகளின் நிழல்.

"எங்க போலாம்?"

அவருடைய வாய் 'அ' என்று திறந்தது, பிறகு மூடிக்கொண்டது. தோளுக்குப் பின்னால் துழாவி, தூசி உதிர இருக்கைப் பட்டையை இழுத்து மாட்டினார்.

அக்கா கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, வண்டி கிளம்பப்போகிற சைகை காட்டினாள். லாரி ஓட்டுநர், வருஷக்கணக்காக வண்டி ஓட்டிய பழக்கத்தில், சட்டென்று பின்னால் நகர்ந்து வழிவிட்டார்.

இவர் திரும்பி, பின்னால் வேறு வண்டி வருகிறதா என்று நிதானமாகப் பார்த்துவிட்டு, அக்காவுக்குத் தலையசைத்தார்.