ரத்தத்துக்குப் போட்ட பாயிண்ட்

எங்கள் அண்ணன் சாராயத்தைக் கையால் தொட்டதில்லை. அவருக்குக் கல்லீரலில் புற்றுநோய் என்று தெரிந்த புதிதில், சங்கராபுரம் பஸ்ஸில் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், "ரொம்ப ஜாஸ்தியா குடிப்பாரா?" என்று என்னிடம் கேட்டார். அந்த ஆளை நடுவழியில் இறக்கிவிடலாமா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. மஞ்சள் காமாலைக் கிருமி ஒன்று எப்போதோ உடம்பில் புகுந்து, சத்தம் போடாமல் கிடந்து, ஈரலைக் கெடுத்திருக்கிறது என்றார் டாக்டர். இதை நான் எத்தனை பேரிடம் போய் விளக்குவது?

கல்வராயன் மலையடிவாரத்தில் அண்ணனுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. மரவள்ளி போடுவார். கிழங்கை ஜவ்வரிசி மில்லுக்குக் கொண்டுபோனால், லோடிலிருந்து கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் எடை போட்டு, எவ்வளவு மாவு இருக்கிறது என்று பார்ப்பார்கள். அதற்குப் பெயர்தான் பாயிண்ட். பாயிண்ட் ஏறினால் விலையும் ஏறும். நல்ல பாயிண்ட் வந்துவிட்டால் அண்ணன் மில்லிலிருந்தே போன் போடுவார். அவர் வீடு வந்து சேர்வதற்குள் அண்ணி கோழிக் குழம்பு வைத்துவிடுவார். பாயிண்ட் குறைந்த நாளில் ரசம்தான். வாசலில் நின்று மூச்சை இழுத்தாலே அன்றைய பாயிண்ட் தெரிந்துவிடும்.

சென்னையில் ஆபரேஷன் செய்து ஈரலில் ஒரு பகுதியை எடுத்தார்கள். அதன் பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறை ரத்தம் பார்க்கவேண்டும் என்றார்கள். ஈரலில் இருக்கும் கட்டி ஒருவகைப் புரதத்தை ரத்தத்தில் விடுமாம். ஆபரேஷனுக்குப் பின் அந்த அளவு இறங்கி, இறங்கினபடியே இருந்தால் ஆள் நெடுநாள் இருக்க வாய்ப்புண்டு. திரும்ப ஏறினால் கட்டி எங்கோ மறுபடி முளைக்கிறது என்று அர்த்தம். "எவ்ளோ காலம்னு ரத்தமே ஓரளவுக்குச் சொல்லிடும்மா" என்றார் டாக்டர். ஏதோ மழை நிலவரம் சொல்வதுபோல அவர் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை.

நான் கள்ளக்குறிச்சியில் இருந்ததால் அண்ணன் என் வீட்டுக்கு வந்து, பக்கத்து லேபில் ரத்தம் கொடுத்து, ரிசல்ட் வரும்வரை தங்குவார். அண்ணிக்கு பஸ் ஏறினாலே வாந்தி. மாடுகளை விட்டுவிட்டு வரவும் முடியாது.

முதல் ரிசல்ட்டைப் பார்த்ததும், "எறங்கியிருக்குண்ணா!" என்று கத்தினேன். அண்ணன் முகம் தொங்கிவிட்டது.

"இன்னா பாப்பா, இவ்ளோ அறுத்துப் போட்டும் பாயிண்ட் எறங்கிப்போச்சா?"

எனக்குத் தலை நரைத்துவிட்டது, அவருக்கு நான் இன்னும் பாப்பாதான். "இது கெழங்கு இல்லண்ணா. இது கம்மியா இருந்தாத்தான் நல்லது" என்று லேப் வாசலிலேயே நின்று விளக்கினேன். புரிந்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. தழும்பு இழுக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"உங்க அண்ணிகிட்ட எறங்கிப்போச்சின்னு சொன்னா அழுதுடுவா. வெளக்கிக்கினு இருக்க நம்மால ஆவாது. ஏறியிருக்குன்னே சொல்லிடலாம்."

அப்படியே ஆனது. ஒவ்வொரு முறையும் ரத்தத்தில் அளவு இறங்கியே இருந்தது. ஒவ்வொரு முறையும் அவர் போனில், "பாயிண்ட் ஏறியிருக்குடி" என்பார். அடிவாரத்தில் ஒரு கோழி போகும். இந்த வைத்தியத்தில் பாவம், கோழிகள்தான் சாகின்றன என்று நான் அவரைக் கிண்டல் செய்வேன்.

பிறகு ஒருநாள் ரிசல்ட்டை இரண்டாம் முறையும் படித்துப் பார்த்தேன்.

"ஏறிடுச்சா?" என்றார்.

"ஏறியிருக்குண்ணா."

லேப் பெஞ்சில் உட்கார்ந்தார். நான் வாங்கிக் கொடுத்த டீ அவர் கையிலேயே ஆறிப்போனது. அப்புறம் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, எப்போதும்போல உரக்கப் பேசினார்.

"பாயிண்ட் ஏறியிருக்கு. ம், நல்லாவே ஏறியிருக்கு. கோழி அடிச்சிடு, பாப்பாவும் வருது."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "ஏண்ணா இப்டி?" என்றேன்.

"இன்னிக்குத்தான அவகிட்ட உண்மையச் சொல்லியிருக்கேன்" என்றார்.

அன்று அண்ணி எங்களுக்குப் பார்த்துப் பார்த்துப் பரிமாறினார். அண்ணனுக்கு அப்போதே சாப்பாடு பிடிக்காமல் போயிருந்தது. ஆனாலும் இலையில் விழுந்த அத்தனையையும் தின்றார். "இன்னும் கொஞ்சம் போடு" என்றும் கேட்டார்.

இனி ஆபரேஷன் செய்யமுடியாது என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். ரத்தம் சொன்னபடியே நடந்தது. நிலத்தில் நின்ற கிழங்கைப் பிடுங்குவதற்கு முன்பே அண்ணன் போய்விட்டார்.

காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு, அண்ணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பாப்பா, ஒவ்வொரு வாட்டியும் பாயிண்ட் ஏறிக்கினுதான இருந்துது? கடைசியா நல்லாவே ஏறியிருக்குன்னு அவரே சொன்னாரே. அப்புறம் இன்னாத்துக்குப் போனாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "காமாலைக்காரனுக்குக் கறி ஆவாதுன்னு சொல்லுவாங்க. நான்தான் சந்தோசத்துல கோழி ஆக்கி ஆக்கிப் போட்டுட்டேன். அதான் கொன்னுடுச்சா?"

"ஐயோ, இல்ல அண்ணி" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். காரணத்தைச் சொன்னால், அந்தக் கடைசிக் குழம்பை அவர் எதற்காக வைத்தார் என்பதையும் சொல்லவேண்டி வரும். அதை என்னால் சொல்ல முடியாது. வெறுமனே இல்லை என்றதை அவர் நம்பவும் இல்லை.

வளர்த்த கோழிகளை எல்லாம் அண்ணி அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் கறி சமைத்ததே இல்லை.