எதிர் வீட்டுக்குக் கேட்ட பிரெஞ்சு

போன வாரம் ஆபீஸ் விட்டு வந்து பூட்டைத் திறந்துகொண்டிருக்கிறேன். எதிர் வீட்டு லூர்து ஐயா தெருவைத் தாண்டி வந்தார்.

“அந்தோணி பாரீஸ் போய்ச் சேந்துட்டாராம்மா?”

“ஐயா, அவரு போயிருக்கிறது ஜப்பானுக்கு.”

“ஜப்பானா?” கொஞ்சம் யோசித்தார். “அப்ப இத்தனை மாசமா ஒங்க வீட்டுல கேட்டுச்சே... அது பிரெஞ்சு இல்லையா?”

அவரைக் குறை சொல்ல முடியாது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட எங்கள் தலத்தெருவில் ஒருவர் வாய்விட்டு அந்நிய பாஷை படிக்கிறார் என்றால், பிரான்சுக்குப் போகப் பேப்பர் வந்துவிட்டது என்றுதான் அர்த்தம். அதிலும் லூர்து ஐயா பழைய சொல்தா — பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். என் வீட்டுக்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்து ‘நி’, ‘தே’, ‘நோ’ என்று உருப்போட, இவர் ஒருநாள் பொறுக்க முடியாமல் வந்து உச்சரிப்பைத் திருத்திவிட்டுப் போனார். என்னவர் பிரெஞ்சிலேயே நன்றி சொன்னார், தெரியுமா? “மெர்சி.” பெரிய மனுஷரின் மனசு நோகக் கூடாதாம்!

என்னவருக்குப் படகு இன்ஜின் பழுது பார்க்கும் வேலை. ஜப்பானில் ஒரு வருஷப் பயிற்சிக்கு வாய்ப்பு வந்தது. ஆனால் அதற்கு முன் மெட்ராசில் ஒரு தேர்வு, ஜப்பானிய மொழியில் நாலு வார்த்தை பேசிக் காட்ட வேண்டும். கையில் இருந்ததோ இங்கிலீஷில் எழுதிய பாடப் புத்தகம். இன்ஜினை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றுகிற மனுஷர், அந்தப் புத்தகத்தின் முன்னால் திருதிருவென்று முழித்தார்.

ஏன்? ஜப்பானிய மொழியில் சொல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு பொடிப்பொடியாகச் சில சொற்கள் வரும். எல்லா வேலையும் அதுகள்தான் பார்க்கும். புத்தகம் ஒவ்வொன்றுக்கும் ஒரு நீளமான இங்கிலீஷ் பேர் வைத்து, பக்கம் பக்கமாக விளக்கியிருந்தது. இவர் தலையைப் பிடித்துக்கொண்டார்.

நான் பக்கத்தில் இறால் உரித்துக்கொண்டிருந்தேன். “ஒரு வாக்கியம் சொல்லுங்க” என்றேன்.

சொன்னார். ‘வாதாஷி வா சகானா ஓ தாபெமாஸ்.’ ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் கேட்டேன். நான்... மீன்... ஐ... சாப்பிடுகிறேன்.

“நான் மீனைச் சாப்பிடுறேன். அவ்வளவுதானே? அப்படியே நம்ம வரிசை! நடுவுல அந்த இங்கிலீஷ்காரன் எதுக்கு? அவனை அனுப்பிட்டுப் படிங்க.”

அன்றைக்கு அனுப்பினோம். அப்புறம் பாருங்கள், சரசரவென்று வந்தது. நமக்கு ‘ஐ’ என்றால் அவர்களுக்கு ‘ஓ’. நம் ‘கு’ அவர்களுக்கு ‘நி’. ‘உடைய’ என்பதற்கு ‘நோ’, ‘உம்’ என்பதற்கு ‘மோ’. ‘வந்தாரா?’ என்று நாம் கடைசியில் ஓர் ஆ போட்டுக் கேட்பதை, அவர்கள் ஒரு ‘கா’ போட்டுக் கேட்கிறார்கள்.

‘வா’வும் ‘கா’வும்தான் கொஞ்ச நாள் படுத்தின. இந்தக் ‘கா’ கேள்விக் ‘கா’ அல்ல, வேறு. ‘யார் போறா?’ என்று கேட்டால், ‘அந்தோணி போறார்’ — இதற்குக் ‘கா’. ‘அந்தோணியா... அவர் போறார்’ என்று ஆளைப் பேச்சுக்குள் இழுத்து வைத்துக்கொண்டு சொன்னால், ‘வா’. நாம் குரலை இழுத்துச் செய்கிற காரியம். ஏறக்குறைய அப்படித்தான் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம்.

எனக்கு அது ஒரு மயக்கமாகவே ஆகிவிட்டது. ஆபீசில் ஃபைல் புரட்டும்போது ‘ஃபைல் ஓ’, ‘ஆபீசர் நி’ என்று மனசு பாட்டுக்கு ஒட்டிப் பார்க்கும். சாயங்காலம் அரசலாற்று முகத்துவாரத்துக்குப் போவோம். ஆறு எது, கடல் எது என்று தெரியாமல் தண்ணீர் தளும்பிக்கொண்டிருக்கும். இவர் ஒரு வாக்கியம் சொல்ல, நான் ஒன்று சொல்ல... காற்று பாதியை அள்ளிக்கொண்டு போய்விடும். எந்த ஊரில் இருக்கிறோம் என்பதே மறந்துபோகும்.

ஒருநாள் அங்கேதான் அவர் சொன்னார், ‘நிஹோன் நி இக்கிமாஸ்’ என்று. ஜப்பானுக்குப் போகிறேன். ஒரு பிழை இல்லை. இந்தக் ‘கு’வை எடுத்துக் கொடுத்தவளே நான்தானே? அவர் போவது எனக்குப் பிடிக்கவில்லை. பயமாக இருந்தது.

“போனா வந்துருவீங்கல்ல?”

“என்ன கேள்வி இது, ரோஸ்? ஒரு வருஷம்தானே.”

“லூர்து ஐயா மகனும் ரெண்டு வருஷம்னுதான் பிரான்சுக்குப் போனாரு.”

இந்த ஊரில் வீட்டுக்கு வீடு இப்படி ஒருத்தர் உண்டு. அந்த மகனுக்கு இப்போது அங்கேயே குடும்பம், குழந்தைகள். லூர்து ஐயா மட்டும் வருஷம் தவறாமல் கிறிஸ்துமசுக்கு மகனுடைய அறைக்கு வெள்ளையடித்துவிடுவார்.

தேர்வில் இவர் பாஸ். எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். நானும் கேசரி கிண்டினேன்.

கிளம்புகிற காலை. லூர்து ஐயா பூசைக்குப் போயிருந்தார், தெருவில் ஆள் இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி இறங்கியவர் திரும்பி நின்றார். “இத்தே கிமாஸ்” என்றார்.

அந்தப் பக்கத்தை நான் முன்னாலேயே படித்திருந்தேன். வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஜப்பானியர்கள் சொல்வது. ‘இத்தே’ — போய். ‘கிமாஸ்’ — வருகிறேன். நடுவில் அந்தப் பொடி ‘தே’, போவதை வருவதோடு முடிச்சுப் போடுகிறது. இப்படி ஒரு பேச்சா என்று ஆச்சரியப்பட்டு, இங்கிலீஷ்காரர் அதற்குத் தனியாக ஒரு பாரா எழுதியிருந்தார். நமக்கு எதற்கு விளக்கம்? ‘போறேன்’ என்று சொல்லிவிட்டு நாம் என்றைக்காவது படி இறங்கியிருக்கிறோமா?

அதற்கான ஜப்பானிய பதில் எனக்கு மனப்பாடம். ஆனால் வாயில் வந்தது தமிழ்தான். “போயிட்டு வாங்க.”

இன்று காலை ஆபீசுக்குக் கிளம்பினேன். என்ன தோன்றியதோ... பூட்டிய கதவைப் பார்த்து மெல்ல, “இத்தே கிமாஸ்” என்றேன்.

“போயிட்டு வாங்கம்மா!”

திரும்பினால், தன் வாசலில் லூர்து ஐயா.

“ஐயா, நான் சொன்னது ஒங்களுக்குப் புரிஞ்சுதா?”

“இதுல புரியறதுக்கு என்னம்மா இருக்கு? வீட்டைப் பூட்டிட்டுக் கிளம்புறவங்க வேற என்ன சொல்லுவாங்க?”

அவருக்கு ஜப்பானிய மொழி தெரியாது என்று இனி நான் எந்த வாயால் சொல்வேன்?